அப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த 4

பரந்தனிலிருந்து:

அப்பாவுக்குப் புரொஸ்டேட் (ஆண்களின் சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோயா என்று பார்க்கச் சதைத்துண்டு எடுத்துச் செய்த பயொப்ஸியின் முடிவை நான்தான் வாங்கி வந்தேன். வீடு வரும்வரை பொறுக்க முடியாமல் பஸ்ஸிலேயே பிரித்தேன். "கிளீசன் 4+3=7" என்று இருந்தது. நான்காம் நிலை என்று நானே முடிவுகட்டி, அம்மாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். மூன்று நாள் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா மட்டும் வழமைபோல வாய்க்கால் பார்க்கப் போய்வந்தார்.

கிளினிக்கில் டொக்டர் தாளில் படம் கீறி விளங்கப்படுத்தினார். அந்த 4 நோயின் நிலை இல்லை. கிளீசன் என்பது கலங்கள் எவ்வளவு மாறிவிட்டன என்பதற்குப் போடும் புள்ளி. அதிகமாகத் தெரியும் வகைக்கு முதல் எண், அடுத்த வகைக்கு இரண்டாவது. 3+4 என்றாலும் 4+3 என்றாலும் 7தான், ஆனால் 4 முன்னுக்கு நின்றால் நோய் கொஞ்சம் வேகமானது. நிலை என்பது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. புரொஸ்டேட் சுரப்பிக்குள் நின்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நிலைகள். சுரப்பியின் உறையைத் தாண்டினால் மூன்று. நிணநீர்க் கணுவுக்கோ எலும்புக்கோ போனால்தான் நான்கு.

அப்பாவுக்கு உறையைத் தாண்டியிருந்தது, எலும்பில் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு ஹோர்மோன் ஊசி, தெல்லிப்பழையில் கதிர்ச் சிகிச்சை.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்க முன் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்பா இல்லை என்று தலையாட்டினார். 2009இல் போரில் தோளில் ஏறிய செல் (எறிகணை) துண்டு அவருக்கு மறந்தே போய்விட்டது. அம்மாதான் சட்டையை விலக்கிக் காட்டினா. அந்த மெஷின் பெரிய காந்தம், துண்டு அசையலாம், சூடேறலாம். எக்ஸ்ரேயில் துண்டு இருக்கும் இடம் பார்த்த பிறகுதான் ஸ்கான் எடுப்பதா என்று முடிவெடுத்தார்கள். வன்னியில் எத்தனை பேர் இப்படித் துண்டோடு திரிகிறோம்! கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

அண்ணை, என் மாமாவுக்கு எலும்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. சலம் போவதில் ஒரு குறையும் இருக்கவில்லை. நாரி நோ என்று ஒரு வருடம் எண்ணெய் பூசினார், நெல் மூட்டை தூக்கியதால் வந்தது என்றே நினைத்தோம். நான்காம் நிலை என்றதும் சனம் செத்தவீட்டுக்கு வருவதுபோல வந்து அழுதது. எனக்கு அதில் இன்னும் கோபம். ஹோர்மோன் சிகிச்சையில் நோ குறைந்து, அதற்குப் பிறகு மூன்று போகம் விதைத்துவிட்டார். முழுதாகச் சுகமாகாது என்று டொக்டர் மறைக்காமல் சொன்னவர். கால் திடீரென்று பலம் குறைந்தாலோ விறைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார், முள்ளந்தண்டு நரம்பு நெரிபடுகிறதாக இருக்கலாமாம்.

மாங்குளத்திலிருந்து:

என் அப்பாவுக்கு பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட்டுக்காக இரத்தத்தில் பார்க்கும் அளவு) கூடியிருந்ததும் நாங்களும் பயந்தோம். சலத்தில் கிருமி. மருந்து எடுத்துச் சில கிழமைக்குப் பிறகு திருப்பிப் பார்க்க இறங்கிவிட்டது. பரந்தன் அண்ணை, ஊசி தொடங்கிய பிறகு அப்பாவுக்கு உடம்பு திடீரென்று கொதித்து வியர்த்ததா? பக்கத்து வீட்டு ஐயா அதற்குப் பயந்து அடுத்த ஊசிக்குப் போகமாட்டன் என்கிறார்.

பரந்தனிலிருந்து:

வியர்த்தது தங்கச்சி. ஊசியால் வருவதுதான். டொக்டரிடம் சொல்லச் சொல்லுங்கோ, ஊசியை மட்டும் விட வேண்டாம்.