பக்கத்து வீட்டு அண்ணன் ஆஸ்பத்திரியில. பணம் குடுக்கிறதா, ஜெபம் பண்றதா, எப்படி உதவறது?

காசிமேடு தையல்

எல்லாருக்கும் வணக்கம். காசிமேடு புதுமனைக்குப்பத்துல இருக்கேன். வீட்டுலயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பம், ராயபுரம் இராயப்பர் கோயில் பங்கு.

எங்க சுவரை ஒட்டின வீட்டு அக்கா மீன் விக்கிறவங்க, அண்ணன் விசைப்படகுல கூலிக்குப் போறவர். இந்துக்கள். ஆடி மாசம் கூழ் ஊத்தினா முதல் சொம்பு எங்க வீட்டுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்க கல்கல் டப்பா அவங்க வீட்டுக்குப் போகும். என் ரெண்டாவது பொண்ணு பிறந்தப்ப ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரியில எங்கூட இருந்தது அந்த அக்காதான்.

அண்ணனுக்கு சர்க்கரை. படகுல கால்ல என்னவோ குத்தி, புண்ணு ஆறாம கறுத்துப்போய், ஸ்டான்லி ஆஸ்பத்திரியில சேர்த்து ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. அதுவும் தடைக்காலத்துல. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாது, கூலி கிடையாது. ஃபைபர் படகு கொண்டாற மீனைத்தான் அக்கா ஏலம் எடுக்கணும், அது யானை விலை. தண்டல் வாங்கிட்டாங்க. பத்தாயிரம்னு எழுதிக்கிட்டு 8,500தான் கையில வந்துச்சு, தினம் நூறு ரூபா, நூறு நாள் கட்டணும். புருஷன் ஆஸ்பத்திரியில கிடந்தாலும் சாயங்காலமானா தண்டல்காரர் வண்டி வாசல்ல நிக்குது.

எங்கிட்ட கைமாத்து கேட்டாங்க, குடுத்தேன். மறுபடி கேட்டாங்க, குடுத்தேன். அது அப்படியே தண்டலுக்குப் போகுதுன்னு எனக்குத் தெரியும். எங்க வீட்டுக்காரர் ஹார்பர்ல லாரி ஓட்டறார். அண்ணனைத் தூக்கி ஆட்டோவுல போட்டுக்கிட்டு ஓடினதே அவர்தான். ஆனா "ஜூன்ல புள்ளைங்க ஃபீஸ் கட்டணும், இன்னும் எவ்ளோ நாளைக்கு தண்டல்காரனுக்கு நாம கட்டறது?"ங்கறார். நியாயம்தான். ஆனா கேட்கிறவங்களுக்குக் குடுன்னு ஏசு சொன்னாரே, அதை நான் எங்க வைக்கறது?

இன்னொரு விஷயமும் இருக்கு. காலையில அக்கா மீன் வித்துட்டு வர்ற வரைக்கும் நான்தான் போய் அண்ணன்கூட உக்காருவேன். கையில ஜெபமாலை இருக்கும், வாய்விட்டுச் சொல்ல மாட்டேன், மனசுக்குள்ளயே உருட்டுவேன். அதைப் பார்த்துட்டு அக்காவோட தங்கச்சி, "ஓ, இதுக்குத்தான் இவ்ளோ செய்யறாங்களா?"ன்னு கேட்டிருக்கா. அக்கா எங்கிட்ட சொல்லி அழுதாங்க. அவங்களை மாத்தணும்னு எனக்கு எந்த நினைப்பும் இல்ல. ஆனா ஒரு நோயாளி பக்கத்துல ஜெபம் சொல்லாம உக்காரவும் எனக்குத் தெரியல.

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை நர்ஸம்மா

ஜெபத்தைப் பத்தி மத்தவங்க சொல்லட்டும்மா. அரசு ஆஸ்பத்திரியில வேலை பார்த்து ஓய்வு பெற்றவ நான், காலைப் பத்திச் சொல்றேன்.

விரல் போனது முடிவு இல்ல. சர்க்கரையில கால் மரத்துப்போயிருக்கும், ஆணி குத்தினாலும் தெரியாது, சுடுதண்ணி ஊத்தினாலும் தெரியாது. அடுத்த புண்ணை வராம தடுக்கிறதுதான் அவருக்குச் செய்யற பெரிய உதவி. வீட்டுக்கு வந்ததும் தினம் ராத்திரி வெளிச்சத்துல பாதத்தைத் திருப்பிப் பாக்கணும், விரல் இடுக்குல ஈரம் இல்லாம துடைக்கணும். வீட்டுக்குள்ளயும் செருப்பு போடணும். மீன்பிடிக்கப் போறவங்க வெறுங்கால்லயே பழகினவங்க, கேட்கவே மாட்டாங்க. அக்கா விடியறதுக்கு முன்னாடி ஏலத்துக்கு ஓடுவாங்க, அவங்களால எல்லாம் முடியாது. கட்டு மாத்த அவரைக் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வேணும். அது நீங்களா இருந்தா பணத்தைவிட அது பெருசு.

சர்க்கரை மாத்திரை தீர்ந்து போனா வாங்காம விட்டுடுவாங்க, அங்கதான் எல்லாம் கெடும். மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்துல பேரைப் பதிஞ்சா மாத்திரை வீட்டுக்கே வரும், 2021ல இருந்து நடக்குது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கான்னும் கேளுங்க. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் சிகிச்சைச் செலவு கிடைக்கும்.

பெரம்பூர் பங்கு

தங்கச்சி, நான் வின்சென்ட் தே பவுல் சபையில ரொம்ப வருஷமா இருக்கேன். 1833ல ஃபிரான்ஸ் நாட்டு பாரிஸ்ல இருபது வயசுக் கல்லூரி மாணவர், ஃபிரெடெரிக் ஓசானாம், நண்பர்களோட சேர்ந்து ஆரம்பிச்ச சபை இது. அன்னிக்குப் போட்ட வழக்கத்தைத்தான் இன்னிக்கும் வச்சிருக்கோம். ஏழைங்க வீட்டுக்கே போய்ப் பாக்கணும், ஒத்தையா போகாம ரெண்டு பேரா போகணும், அங்க பார்த்ததை வெளிய பேசக் கூடாது, மதம் பார்க்கக் கூடாது. இந்த வழக்கமெல்லாம் சும்மா வரல. தனியா தாங்கறவங்க சீக்கிரம் களைச்சுப் போறாங்க, அப்புறம் எரிச்சல் வருது, கடைசியில செஞ்சதைச் சொல்லிக் காட்டறாங்க. நீங்க அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடி கூட ஒரு ஆளைச் சேர்த்துக்குங்க. உங்க தெருவுல கூடி ஜெபிக்கிற பங்குக் குழு, அன்பியம், அங்க கேளுங்க. அக்காவோட அந்தத் தங்கச்சியையே கேட்டாலும் தப்பில்ல.

பணத்தைப் பத்தி. கஷ்டப்படற வீட்டுல கையில குடுக்கிற காசு, யார் முதல்ல சத்தம் போடறாங்களோ அவங்களுக்குத்தான் போகும். தண்டல்காரர்தான் முதல்ல சத்தம் போடுவார், அக்கா மேல குத்தம் இல்ல. அரிசி, எண்ணெய், புள்ளைங்க நோட்டுப் புஸ்தகம், ஆட்டோ காசுன்னு நீங்களே வாங்கிக் குடுங்க, நீங்களே கட்டுங்க. பைபிள்ல லூக்கா 10ல நல்ல சமாரியர் கதையை எடுத்துப் படிங்க, வழியில அடிபட்டுக் கிடந்த ஒருத்தரைத் தூக்கிட்டுப் போய் சாவடியில சேர்த்தவர் கதை. அவர் குடுத்தது ரெண்டு தெனாரியம், ஒரு கூலிக்காரரோட ரெண்டு நாள் கூலி. அதையும் அடிபட்டவர் கையில குடுக்கல, சாவடியைப் பார்த்துக்கிறவர் கையில குடுத்து இவரைப் பார்த்துக்கோன்னார். அதுக்கு மேல செலவானா திரும்பி வரும்போது தரேன்னு சொல்லிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தார். அவருக்கும் வேலை இருந்துச்சு, வீடு இருந்திருக்கும். உங்க வீட்டுக்காரர் சொல்றதும் அந்தக் கதைக்குள்ளயே இருக்கு.

ஏலத்துக்கு முதல் இல்லாமத்தான் திரும்பத் திரும்பத் தண்டலுக்குப் போறாங்கன்னா, உங்களால முடிஞ்ச ஒரு தொகையை அதுக்குன்னே வச்சு, காலையில குடுத்து சாயங்காலம் திருப்பி வாங்கிக்குங்க. வாங்கிக்கிறதுல கூச்சப்படாதீங்க. கடனைக் கட்டினவங்களுக்கு ஒரு நிமிர்வு இருக்கு, அதை அவங்ககிட்ட இருந்து எடுத்துடக் கூடாது. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் அவங்களுக்கு வந்துச்சான்னும் விசாரிங்க. படகுல கூலிக்குப் போறவங்க பேரு சில சமயம் விட்டுப்போயிடும்.

மத்தேயு 25ல ஏசு நம்மகிட்ட கேட்கிற ஒரு விஷயம் எனக்கு எப்பவும் ஆறுதல். பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணி. ஆனா நோயாளிக்கும் சிறையில இருக்கறவங்களுக்கும் கேட்கிறது போய்ப் பாக்கறதைத்தான். அதை நீங்க ஏற்கெனவே செஞ்சுட்டிருக்கீங்க.

வியாசை தம்பி

அக்கா, நான் இந்து. அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

எங்க அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்ப தெரிஞ்ச ஒருத்தங்க தினமும் கஞ்சி கொண்டு வந்தாங்க. நல்ல மனசு, இன்னிக்கும் மறக்க மாட்டேன். ஒருநாள் அம்மா தலையில கை வச்சு, "ஜெபம் பண்ணட்டுமா?"ன்னு கேட்டுட்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமா பண்ணாங்க. அம்மா சரின்னுதான் சொன்னாங்க. கஞ்சி குடுக்கிற கையை வேண்டாம்னு எப்படிச் சொல்லுவாங்க? அன்னிக்கு அம்மா சரியா சாப்பிடல. அடுத்த நாளும் சாப்பிடல.

உங்க ஜெபமாலையில எனக்கு வருத்தம் இல்ல. யாரையும் கேட்காம மனசுக்குள்ள சொல்றது உங்களுக்கும் சாமிக்கும் நடுவுல. ஆனா அந்தத் தங்கச்சியும் பயத்துலதான் பேசியிருப்பாங்க, நம்ம ஆளு படுத்துக் கிடக்கறாரேன்னு. அக்கா மூலமா பதில் சொல்லாம நேரா அவங்ககிட்டயே பேசிடுங்க. அண்ணனே வாய்விட்டு எனக்காக வேண்டிக்கோன்னு கேட்டா அப்ப நல்லா வேண்டிக்குங்க.

காசிமேடு தையல்

நர்ஸம்மா, அண்ணா, தம்பி, மூணு பேருக்கும் நன்றி. தம்பி, உங்க அம்மா விஷயம் படிச்சதுல இருந்து அதே நினைப்பா இருக்கேன். இனிமே ஜெபமாலையை இராயப்பர் கோயில்ல உக்காந்து முடிச்சுட்டு அப்புறம்தான் ஸ்டான்லிக்கு நடப்பேன்.

தங்கச்சிகிட்ட நேரா பேசினேன். "எங்க சாமியை உங்க வீட்டுக்குக் கொண்டாறதுக்கு நான் வரல. என் பிரசவத்துல உங்க அக்கா வந்து நின்னாங்க, அதான் நானும் வந்து நிக்கிறேன்"னு சொன்னேன். அவ கொருக்குப்பேட்டையில ஒரு கம்பெனியில வேலைக்குப் போறா. சாயங்காலம் ஷிஃப்ட் முடிஞ்சு அவ உக்காருவா, காலையில நான். ராத்திரிக்கு அண்ணனோட படகுக்காரங்க ஆளு மாத்தி ஆளு வர்றாங்க. கைமாத்து இனிமே ஏலத்துக்கு மட்டும்தான், வீட்டுக்காரரும் சரின்னுட்டார். நிவாரணம் இன்னும் வரலையாம், அதையும் கேட்கப் போறோம்.

நர்ஸம்மா, அவங்ககிட்ட காப்பீட்டு அட்டை இல்ல. ரேஷன் கார்டு இருக்கு. எங்க போகணும்?

தண்டையார்பேட்டை நர்ஸம்மா

முதல்ல ஆஸ்பத்திரியிலயே காப்பீட்டுத் திட்டத்துக்கு ஒரு கவுன்ட்டர் இருக்கும், அண்ணன் அங்க சேர்ந்திருக்கறதைச் சொல்லிக் கேளுங்க. அட்டைக்கு ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேணும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துல எழுதிப் போடுங்க, அது வந்ததும் ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸுக்குப் போகணும், பீச் ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரம்தான். அக்காவைக் கூட்டிட்டுப் போங்க, உங்க பேச்சை நம்பி அவங்க கையெழுத்துப் போடக் கூடாது, என்ன எழுதியிருக்குன்னு அவங்களுக்கும் தெரியணும். அண்ணன் டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் கால் எப்படி இருக்குன்னு இங்க எழுதுங்க.