வகுப்பு வேலைகளைச் சுழற்சியில் விட்டேன், பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள்: என்ன செய்யலாம்?

வேப்பமரத்தடி டீச்சர்:

வணக்கம். எங்களுடையது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 31 பிள்ளைகள், ஆசிரியர்கள் இரண்டே பேர். தலைமையாசிரியர் கூட்டம், பயிற்சி என்று போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில்தான். பிள்ளைகளின் கை உதவி இல்லாமல் பள்ளி ஒரு நாள் நகராது. எனவே, 'பிள்ளைகளை ஏன் வேலை வாங்குகிறீர்கள்' என்று தயவுசெய்து யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் "மணியடித்துவிட்டு வா" என்றேன். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "மணி பையன்கள்தான் அடிப்பார்கள் டீச்சர், நாங்கள் கூட்டுவோம்" என்றாள். குறையாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வெளியே வெயில் அடிக்கிறது என்பதைப் போலச் சொன்னாள்.

அன்றிலிருந்து இரண்டு வாரம், பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் யாரிடம் என்ன வேலை சொன்னேன் என்று குறித்துவந்தேன். கூட்டியது 11 முறை, பதினொன்றும் பெண் பிள்ளைகள். மணியடித்தது எல்லாம் பையன்கள். சாவியும் வருகைப் பதிவேடும் எடுத்துவந்தது நன்றாகப் படிக்கிற அதே இரண்டு பேர். அடுத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கடையில் தேநீர் வாங்கிவர ஆறு முறை போனவன், காலனியிலிருந்து வரும் ஒரே பையன். நான் சாதி பார்ப்பதில்லை என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யக்கூடியவள். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவான், முகம் சுளிக்கமாட்டான் என்றுதான் அவனை அனுப்பினேன். அவன் ஏன் முகம் சுளிப்பதில்லை என்று யோசித்ததே இல்லை.

தேநீரை அன்றே நிறுத்தி, பிளாஸ்க் வாங்கிவிட்டேன். மற்ற எட்டு வேலைகளையும் அட்டையில் சக்கரமாக வெட்டி, சுற்றிலும் 3, 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை எழுதிச் சுவரில் மாட்டினேன். திங்கள்தோறும் சக்கரம் ஒரு கட்டம் நகரும்.

முதல் வாரம் விளக்குமாறு ஓர் ஐந்தாம் வகுப்புப் பையனுக்கு வந்தது. அவன் அப்பத்தா வாசலில் நின்று, ஆண்பிள்ளை கையில் விளக்குமாற்றைக் கொடுத்ததற்கு என்னை வைதது தெருவுக்கே கேட்டது. அதைக்கூடச் சிரித்துச் சமாளித்தேன். மூன்றாம் வாரம் குடிநீர்ப் பானை நிரப்பும் வேலை, தேநீர் வாங்கப் போய்வந்த அந்தப் பையனுக்கு வந்தது. மறுநாள் ஒரு தகப்பனார் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "வேறு எந்த வேலையும் அவனுக்குக் கொடுங்கள் டீச்சர். தண்ணீர் மட்டும்..." என்று நிறுத்திக்கொண்டார். "இந்த வாரம் அவன் முறை, அவன்தான் நிரப்புவான்" என்றேன். குரல் நடுங்கியதை அவர் கவனித்திருப்பார். அன்றிலிருந்து மூன்று பிள்ளைகள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள்.

தலைமையாசிரியர், "சக்கரத்தைக் கழற்றிவிடலாமே, நமக்கு எதற்கு வம்பு" என்கிறார். கழற்றுவதா, வேண்டாமா? இன்னொன்று: மூன்றாம் வகுப்பில் மூளை முடக்குவாதம் உள்ள சிறுமி ஒருத்தி இருக்கிறாள். என் கடைசிப் பக்கத்தில் அவள் பெயர் ஒரு முறைகூட இல்லை. சக்கரத்திலும் அவளை எழுதாமல் விட்டிருக்கிறேன். அவளுக்கு என்ன வேலை கொடுப்பது?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:

கழற்றாதீர்கள் அம்மா. கழற்றினால், தண்ணீரைப் பற்றிப் பேசவந்தவர் ஜெயித்ததாக ஊர் எடுத்துக்கொள்ளும்.

இனி யார் வந்தாலும் வராந்தாவில் தனியாக நின்று பதில் சொல்லாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 'வகுப்பு வேலைகள் அனைத்தும் எல்லாக் குழந்தைகளுக்கும் முறைவைத்து வரும்' என்று ஒரே வரியில் தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தக் குழந்தையின் பெயரும் அதில் வரக்கூடாது. அதற்கு மேலும் ஒருவர் தண்ணீர் என்று இழுத்தால், தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பின் 17ஆவது உறுப்பைச் சொல்லித் தலைமையாசிரியரே பேசட்டும். உங்களை முன்னே தள்ளிவிட்டு அவர் பின்னால் நிற்பது முறையல்ல.

கழிப்பறை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் சக்கரத்துக்குள் வரக்கூடாது. பட்டியலினப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தலைமையாசிரியர் கைதான செய்தியையும் நாம் படித்திருக்கிறோம்.

பெயர்களை அகர வரிசையில்தானே எழுதியிருக்கிறீர்கள்? மாணவர்களை அகர வரிசையில் உட்காரவைக்கலாம் என்று, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்தபோது எனக்கே சுருக்கென்றது. என் பணிக்காலம் முழுவதும் பதிவேட்டில் பையன்களைக் கூப்பிட்டு முடித்த பிறகுதான் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறேன்.

கடைசி பெஞ்சு அம்மா:

நான் ஆசிரியை அல்ல. உங்கள் கணக்கில் தேநீர் வாங்கப் போன பையன் இருக்கிறானே, அவனைப் போலப் படித்தவள். எனக்குத் தேநீர் கிடையாது, விளக்குமாறு. மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை தினமும். வீட்டில் சொன்னதில்லை. டீச்சர் என்னை மட்டும் நம்பிக் கொடுக்கிறார் என்று பெருமையாகக்கூட நினைத்திருந்தேன்.

ஐயா சொன்ன தீர்மானம் சரி. ஆனால் அந்த மூன்று பாட்டில்கள் வந்த காலையில் அவன் முகம் எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவே இல்லை. அவனிடம் யாராவது ஏதாவது சொன்னார்களா, கேட்டீர்களா? ஊரைத் திருத்துவது உங்கள் வேலை டீச்சர். ஒன்பது வயதுப் பிள்ளையை அதற்கு முன்னால் நிறுத்தாதீர்கள். தண்ணீர் வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்வதாக மாற்றுங்கள். நிரப்பியதும் முதல் டம்ளரை எல்லோரும் பார்க்க நீங்கள் குடியுங்கள், அடுத்தது தலைமையாசிரியர்.

ஒரு சின்ன விஷயம். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நீங்களும் விட்டுவிடலாம். அந்தத் தெருவுக்கு ஒரு பெயர் இருக்கும்.

சிறப்புப் பயிற்றுநர்:

வட்டார வள மையத்திலிருந்து பள்ளிகளுக்குப் போய்வருகிறவன். அந்தச் சிறுமிக்குச் சுண்ணாம்புக்கட்டி எடுத்துக்கொடுக்கும் வேலையைக் கொடுத்து எல்லோரும் கைதட்டுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அது வேண்டாம். தவறினால் பள்ளிக்கே தெரிகிற வேலையாகக் கொடுங்கள். மணி எப்படி?

எந்தக் கை நன்றாக வேலை செய்கிறது என்று பாருங்கள். அடிக்கிற கம்பி மெல்லியதாக இருந்தால் பிடி நழுவும். பழைய சைக்கிள் டியூபைத் தடிமனாகச் சுற்றிவிடுங்கள். மணி அவள் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் தொங்கட்டும். இரண்டு நிமிடம் முன்னதாகவே வகுப்பிலிருந்து கிளம்பவிடுங்கள். முக்கியமாக, பாசத்தில் யாரும் கூடப்போய் அவள் கையைப் பிடித்து அடிக்கக்கூடாது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. எங்கள் பதிவேட்டில் அவற்றுக்கெல்லாம் கட்டம் இருக்கிறது. பிள்ளை மணியடித்தாளா என்பதற்குத்தான் கட்டம் இல்லை.

வேப்பமரத்தடி டீச்சர்:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

கடைசி பெஞ்சு அம்மா, நீங்கள் கேட்டதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அவனைத் தனியாக அழைத்து, யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். தரையைக் கால்விரலால் கிளறிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "குடம் கனமாக இருக்கிறது டீச்சர். மணி எனக்கு எப்போது வரும்?" என்றான். நான் கேட்டதற்கு அது பதிலா, பதிலைத் தவிர்த்தானா, தெரியவில்லை. இன்னும் சில நாள் போகட்டும், மறுபடி கேட்பேன். குடத்துக்கு இப்போது இரண்டு பேர். முதல் டம்ளர் நான். தலைமையாசிரியர் இரண்டு நாள் ஏதோ வேலை இருப்பதாக அறைக்குள்ளேயே இருந்தார், மூன்றாம் நாள் வந்து குடித்தார். பாட்டில்கள் மூன்றில் இரண்டு நின்றுவிட்டன. ஒன்று இன்னும் வருகிறது.

மணி என்பது எங்கள் பள்ளியில் வேப்பங்கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டு. சங்கிலி சேர்த்துத் தாழ்த்தி, கீழே முக்காலி போட்டோம். அவளுக்கு இடது கைதான் பலம். முதல் அடி விழும், இரண்டாவதற்கு அவள் கை திரும்பி வரவேண்டும், அதற்குள் பிள்ளைகள் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். சமையலறையிலிருந்து சத்துணவு அக்கா எட்டிப் பார்த்து, "மணி முடிந்துவிட்டதா, இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். "இன்னும் இருக்கிறது" என்று சத்தம் போட்டுவிட்டு மறுபடி அடித்தாள்.

மேலாண்மைக் குழு வெள்ளிக்கிழமை கூடுகிறது. அந்தத் தகப்பனாரும் அதில் உறுப்பினர்.