கடையில் ஓடும் கம்ப்யூட்டர் வீட்டில் ஓட மறுக்கிறது (ரங்கூன்), உதவி தேவை

பாடத்தாள்:
எல்லோருக்கும் வணக்கம். மேசைக் கம்ப்யூட்டர். பட்டனை அமுக்கினால் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. திரையில் ஒன்றுமில்லை, பீப் சத்தமும் இல்லை. ஏற்கனவே பவர் சப்ளை புகைந்து போய், போன மாதம்தான் புதியது போட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே முதல் அமுக்கிலேயே ஓடுகிறது. வீட்டுக்கு வந்தால் பழைய குருடி கதவைத் திறடி. திரும்பக் கொண்டுபோனபோது, "மதர்போர்டு போயிருக்கும் அக்கா, மாற்றிவிடலாம்" என்கிறார் கடைக்காரத் தம்பி. இன்றைக்கு விற்கும் விலையில் போர்டெல்லாம் நினைத்துப் பார்க்க முடியாது. கோயில் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடித்து வைத்த பாடங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. போர்டை மாற்றினால் அவையும் போய்விடுமா?

தட்டோன்காரன்:
அக்கா, முதலில் ராமை (நினைவகப் பட்டையை) கழற்றிப் போடுங்கள். பிளக்கை உருவிவிட்டு, ராமின் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் இதே வேலைதான்.

பாடத்தாள்:
செய்தாயிற்று தம்பி. அதே 'டிக்', அதே அரைச் சுற்று.

ஈயப்பற்று (மோல்மேன்):
ராம் கோளாறு என்றால் பெரும்பாலும் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், திரைதான் கறுப்பாக நிற்கும். பிடித்து உடனே விடுவது மின்சாரப் பக்கத்துச் சங்கதி. கடையில் ஓடுவதால் போர்டை இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம். எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். வீட்டில் போட்டுப் பார்க்கும்போது லைன் கரண்டா, இன்வெர்ட்டரா? அந்த நேரத்தில் சீலிங் ஃபேன் எப்படிச் சத்தம் போடுகிறது? புதிய பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது?

கம்பிக்காரன்:
பேப்பர் கிளிப் சோதனை செய்யுங்கள். போர்டிலிருந்து 24 முனை கனெக்டரைக் கழற்றி, பச்சைக் கம்பியையும் ஏதாவது ஒரு கறுப்புக் கம்பியையும் கிளிப்பால் இணைத்தால் பவர் சப்ளை விசிறி சுற்ற வேண்டும்.

ஈயப்பற்று:
நல்ல சோதனைதான், ஆனால் அது பவர் சப்ளை தானாக எழுந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும், சுமையைத் தாங்குமா என்று சொல்லாது. அதுவும் கடையில் ஏற்கனவே தெரிந்துவிட்டது. இன்னொன்று: பவர் சப்ளைப் பெட்டியை யாரும் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே பெரிய கெபாசிட்டர் கரண்டைப் பிடித்து வைத்திருக்கும்.

பாடத்தாள்:
இப்போதுதான் யோசிக்கிறேன். முறை வைத்துக் கரண்ட் விடுகிறார்களே, எங்கள் பக்கம் பகலில் வந்தால் நான் வேலையில் இருப்பேன், இல்லையென்றால் நடுராத்திரியில் வரும். நான் உட்காருவது சாயங்காலம். அப்படிப் பார்த்தால் எப்போதும் இன்வெர்ட்டரில்தான் போட்டிருக்கிறேன். ஃபேன் அந்த நேரத்தில் குளவி போல உர்ரென்று இரையும். ஸ்டிக்கரில் 100-240 வோல்ட், 80 பிளஸ், ஆக்டிவ் பிஎஃப்சி என்று இருக்கிறது. பழைய பெட்டியில் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தது, இதில் இல்லை. ஆனால் பழையது இதே இன்வெர்ட்டரில் ஓடியதே?

ஈயப்பற்று:
அந்த ஃபேன் சத்தமே பாதி பதில் சொல்லிவிட்டது.

லைன் கரண்ட் 230 வோல்ட்டில் அலையாக வழவழவென்று ஏறி இறங்கும், நொடிக்கு 50 தடவை. உச்சியில் 325 வோல்ட் வரை தொடும். விலை குறைந்த இன்வெர்ட்டர் அப்படித் தருவதில்லை. சுழியில் நிற்கும், சட்டென்று மேலே தாவும், கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும், சட்டென்று விழும். படிக்கட்டுதான். மாடிஃபைட் சைன் என்று போட்டு விற்பது இதைத்தான். பல்புக்கு இதனால் ஒன்றுமில்லை. ஃபேன் மோட்டார் உறுமும், ஆனாலும் சுற்றும்.

உங்கள் பழைய பவர் சப்ளை, சிவப்பு ஸ்விட்ச் வைத்த ரகம், இதையெல்லாம் கண்டுகொள்ளாது. வந்ததை வாங்கிக்கொள்ளும். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட் இழுப்பைச் சீர்செய்யும் சுற்று) உள்ள புதியது அப்படியில்லை, அலையின் வடிவத்தையே பின்தொடர்ந்து கரண்ட் இழுக்கப் பார்க்கும். படி தாவுகிற இடத்தில் குப்பென்று இழுத்துவிடும். உடனே பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கும், அல்லது இன்வெர்ட்டர் ஓவர்லோடு என்று நினைத்து நிறுத்தும். உங்கள் 'டிக்' அதுதான் என்பது என் கணிப்பு. எல்லா ஆக்டிவ் பிஎஃப்சியும் இப்படி அடம்பிடிக்காது, சில ஓடிவிடும். அதனால்தான் கடையில் யாருக்கும் இது தோன்றுவதில்லை.

கரண்ட் வரும்போது, இன்வெர்ட்டர் வழியாக இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். அதுவரை இன்வெர்ட்டரில் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டாம்.

தட்டோன்காரன்:
இன்வெர்ட்டர் சின்னதாக இருந்து சுமை தாங்காமல் விழுந்திருக்கலாமே அண்ணே?

ஈயப்பற்று:
இருக்கலாம் தம்பி. ஃபேனை, விளக்கை எல்லாம் நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டரை மட்டும் போட்டும் விழுந்தால் சுமை இல்லை. பாடம் அடிக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு தின்னப்போகிறது? கேம் கார்டு இல்லாத பெட்டி, மானிட்டரோடு சேர்த்துப் பெரும்பாலும் 150 வாட்டுக்குள் அடங்கிவிடும்.

அக்கா, பாடங்களைப் பற்றிக் கேட்டீர்களே. அவை ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன, போர்டில் இல்லை. டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் படிக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: விண்டோஸ் 10, 11-இல் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருந்தால், போர்டு மாறியதும் 48 இலக்க எண் கேட்கும். அது இல்லாமல் டிஸ்க் திறக்காது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பார்த்து, இருந்தால் தாளில் எழுதி வையுங்கள். போர்டு மாற்றாவிட்டாலும் செய்யுங்கள்.

பாடத்தாள்:
ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. மகன்தான் எழுப்பினான். சுவரில் செருகியதும் எழுந்துகொண்டது! பாடங்களை எல்லாம் உடனே பென் டிரைவில் எடுத்துவிட்டேன். சாயங்காலம் மற்றதை நிறுத்திவிட்டு இன்வெர்ட்டரில் போட்டேன், மறுபடி 'டிக்'. உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். இனி என்ன வாங்குவது?

ஈயப்பற்று:
பியூர் சைன் இன்வெர்ட்டர் (லைன் போலவே வழவழவென்று அலை தருவது) வாங்கினால் ஃபேனும் வாயை மூடும், ஆனால் காசு. கையைக் கடித்தால், பழைய ரகப் பவர் சப்ளை நல்லதாக ஒன்று கிடைக்கிறதா பாருங்கள், இப்போது போட்டதைக் கடையில் மாற்றிக் கேளுங்கள், போன மாதம் வாங்கியதுதானே. நடுவில் யுபிஎஸ் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது அதுவும் அதே படிக்கட்டைத்தான் தரும், பெட்டியில் பியூர் சைன் என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கம்பிக்காரன்:
அண்ணே, எங்கள் வீட்டு ஃபேனும் உர்ருதான். புது கம்ப்யூட்டர் வாங்க இருந்தேன், நல்லவேளை.