காரைக்குடி: புல்தரைக்குத் தண்ணீரை எப்படி மிச்சப்படுத்துவது?

கேள்வி: 2 சென்ட் அருகம்புல் தரை. தினமும் ஸ்பிரிங்க்ளர் அரை மணி நேரம் ஓடியும் நடுவில் காய்கிறது, ஓரத்தில் தண்ணீர் தெருவுக்கு வழிகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1: தினமும் வேண்டாம் அண்ணே. வாரம் இருமுறை, காலை 6 மணிக்குள் விடுங்கள். 2 சென்ட் என்பது 81 சதுர மீட்டர். ஒரு தடவைக்கு 12 மில்லிமீட்டர், அதாவது சுமார் 970 லிட்டர். நம்ம செம்மண் மேலே இறுகிவிடும், ஒரே மூச்சில் விட்டால் ஓடத்தான் செய்யும். 10 நிமிடம் விட்டு, அரை மணி ஊறவிட்டு, மறுபடி விடுங்கள். தண்ணீர் போதுமா என்று பார்க்க, மண்ணில் ஸ்க்ரூடிரைவரைக் குத்தினால் 4 அங்குலம் லேசாக இறங்கணும்.

பதில் 2: நடுவில் காய்வதற்கு நாசில்தான் காரணமாக இருக்கும். ஒரே அளவு டம்ளர் எட்டைப் பரவலாக வைத்து 10 நிமிடம் ஓட்டி, ஸ்கேலால் அளந்து பாருங்கள். குறைவான இடத்து நாசிலைக் கழற்றினால் துளையில் வெள்ளை உப்பு படிந்திருக்கும். போர் தண்ணீரின் வேலை. வினிகரில் ஒரு இரவு ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

பதில் 3: குடிநீர்க் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுவது விதிமீறல், அதைத் தொடவே வேண்டாம். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். முற்றத்து ஓட்டுத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தால் புல்லுக்கு அதுதான் நல்லது, உப்பே இருக்காது.