சினைப்பைப் புற்றுநோய்க்கு மெட்ஃபார்மின்: சர்க்கரை இல்லாதவர்களுக்கும் கொடுக்கலாமா?

மருந்தியல் மாணவி:
சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின், செல்லின் ஆற்றலைக் கண்காணிக்கும் ஏஎம்பிகே நொதியைத் தூண்டி, செல் வளர்ச்சியை முடுக்கும் எம்டார் பாதையை அடக்குகிறது, இன்சுலினையும் குறைக்கிறது. இதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் சினைப்பைப் புற்றுநோய் வந்த பிறகும் கூடுதல் காலம் வாழ்வதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் கீமோவோடு சேர்த்து எல்லோருக்கும் கொடுத்தால் என்ன?

புள்ளியியல் பித்தன்:
அவை பெரும்பாலும் பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதியவை. நோய் தெரிந்து எட்டு மாதம் கழித்து மாத்திரை தொடங்கியவரை முதல் நாளிலிருந்தே மெட்ஃபார்மின் குழுவில் சேர்த்துவிட்டால், அந்த எட்டு மாத ஆயுளும் மருந்தின் கணக்கில் ஏறிவிடும். அதற்குள் இறந்தவர்களோ மாத்திரை எடுக்காதவர்கள் பக்கம் போய்விடுவார்கள். 2012இல் சுயிசா, அசூலே என்ற ஆய்வாளர்கள் இந்தக் குளறுபடியைப் பிரித்துக் காட்டினார்கள். குலுக்கல் முறையில் 3,649 பேரிடம் நடந்த எம்ஏ.32 மார்பகப் புற்றுநோய் ஆய்வில் 850 மி.கி. தினம் இருவேளை, ஐந்து ஆண்டு கொடுத்தும் ஒட்டுமொத்தமாகப் பலன் தெரியவில்லை (2022).

செல்வளர்ப்பு:
அளவையும் பாருங்கள். தட்டில் வளரும் செல்கள்மேல் ஊற்றும் மருந்தின் செறிவு பல மில்லிமோலார் (ஒரு மில்லிமோலார் என்பது ஆயிரம் மைக்ரோமோலார்). தினம் 2,000 மி.கி. சாப்பிட்டாலும் ரத்தத்தில் சேர்வது சுமார் 10 முதல் 20 மைக்ரோமோலார்தான். நூறு மடங்குக்கு மேல் இடைவெளி! ஆனாலும் ஒதுக்கிவிட முடியாது: சர்க்கரை இல்லாத நோயாளிகளிடம் கீமோவோடு கொடுத்துப் பார்த்த ஆய்வில் (2020, 38 பேர்) கட்டியில் புற்றுநோய்த் தண்டுச்செல்கள் (கட்டியை மறுபடி வளர்க்கக்கூடிய செல்கள்) குறைந்திருந்தன. இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 57.9 மாதம். ஒப்பிட இன்னொரு குழு இல்லை என்பதால் அந்த ஆயுள் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

கீமோ பார்மசி:
நடைமுறையில் சிக்கல் சிறுநீரகம்தான். வாந்தி, பேதியில் நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறும். மெட்ஃபார்மின் உடலிலேயே தேங்கும். லாக்டிக் அமிலம் கூடும். ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 45க்குக் கீழே இருந்தால் புதிதாகத் தொடங்கக் கூடாது, 30க்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும். 30க்கும் 60க்கும் இடையில் இருப்பவருக்குச் சாய ஊசி போட்டு சி.டி. எடுத்தால், அன்றே நிறுத்தி, 48 மணி நேரம் கழித்து சிறுநீரகப் பரிசோதனை பார்த்தே மறுபடி தொடங்க வேண்டும்.

கால் மரத்துப்போனால் உடனே பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்தின்மேல் பழி போடுவார்கள். நெடுநாள் மெட்ஃபார்மினால் பி12 குறைந்தாலும் அதே மரப்புதான் வரும், ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

மருந்தியல் மாணவி:
ஏற்கெனவே சர்க்கரைக்காக எடுப்பவர்கள்?

கீமோ பார்மசி:
சிறுநீரகம் சரியாக இருந்தால் தொடரலாம், ஆனால் சர்க்கரைக்காக மட்டும். கீமோவோடு தரும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோன் போடும் நாளில் சர்க்கரை எகிறும். அன்றைக்கென்று மெட்ஃபார்மினைக் கூட்டிப் பயனில்லை, அது முழுதாக வேலை செய்யவே சில நாள் பிடிக்கும். அந்த ஏற்றத்துக்கு இன்சுலின் வேண்டுமா என்று மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.