பழைய கிரெடிட் கார்டை மூடினால் ஸ்கோர் இறங்குமா? வீட்டுக் கடனுக்கு முன்னால் மூடலாமா?

தேன்சிட்டு கேட்டது:

என்னிடம் மூன்று கிரெடிட் கார்டு இருக்கிறது. முதல் கார்டு வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது, லிமிட் 12,000. இப்போது அதைத் தொடுவதே இல்லை, ஆனால் வருடக் கட்டணம் மட்டும் தவறாமல் வந்து நிற்கிறது. மற்ற இரண்டின் லிமிட் 5,000, 3,000. அடுத்த கட்டணம் விழுவதற்குள் பழையதை மூடிவிடலாம் என்று பார்த்தால் வீட்டில் வேண்டாம் என்கிறார்கள், பழைய கார்டை மூடினால் இத்தனை வருட வரலாறும் அழிந்து கிரெடிட் ஸ்கோர் படுத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். இந்த வருடக் கடைசியில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருப்பதால் எனக்கும் பயம். 5,000 லிமிட் கார்டில் 3,600 பாக்கி நிற்கிறது, மற்ற இரண்டிலும் ஒன்றும் இல்லை. தவணை ஒன்றுகூடத் தவறியதில்லை. என்ன செய்யலாம்?

கணக்குப்பிள்ளை:

வரலாறு அழிவதைப் பற்றி அப்புறம் பேசலாம் சகோ, உங்கள் விஷயத்தில் அடி விழப்போவது வேறு இடத்தில். மொத்த லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்ற விகிதம் இருக்கிறதே, யூட்டிலைசேஷன் என்பார்கள், அதைப் பாருங்கள். இப்போது மூன்று கார்டும் சேர்ந்து 20,000 லிமிட், பாக்கி 3,600, அதாவது 18 சதவீதம். பழைய கார்டை மூடிய மறுநொடி லிமிட் 8,000 ஆகிவிடும், பாக்கி அதே 3,600, விகிதம் 45 சதவீதம். நீங்கள் புதிதாக ஒரு பைசா செலவு செய்யவில்லை, ஆனால் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்குக் கடனில் பாதி மூழ்கியவர் மாதிரி தெரிவீர்கள். அமெரிக்காவில் கிரெடிட் ஸ்கோர் முறையை வகுக்கும் ஃபைகோ நிறுவனம் வெளியிட்டிருக்கும் கணக்குப்படி தவணை வரலாற்றுக்கு 35 சதவீதம், பாக்கித் தொகைக்கு 30, கடன் வரலாற்றின் நீளத்துக்கு 15, புதுக்கடனுக்கும் கடன் வகைகளுக்கும் தலா 10. எல்லாரும் அந்த 15-ஐப் பார்த்துப் பயப்படுகிறார்கள், 30-ஐ விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, விகிதத்தை மொத்தமாக மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு கார்டுக்கும் தனியாகவும் பார்க்கிறார்கள். 5,000-க்கு 3,600 என்றால் அந்த ஒரு கார்டு இப்போதே 72 சதவீதம். எந்தக் கார்டையும் மூடாவிட்டாலும் அது உங்கள் ஸ்கோரைக் கீழே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. முதலில் அந்தப் பாக்கியை அடைத்துவாருங்கள். பாக்கியை 700-க்குக் கொண்டு வந்துவிட்டால், பழையதை மூடின பிறகும் மொத்த விகிதம் 9 சதவீதத்துக்குள் நிற்கும், அப்போது மூடுவது பெரிய விஷயமே இல்லை.

மழைமேகம்:

மேலே சொன்னது சரி. வரலாறு அழியும் என்ற பேச்சுக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதை நம்பிப் பல பேர் வேண்டாத கார்டுக்கு வருடக்கணக்கில் கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு அமெரிக்காவில் ரிப்போர்ட்டில் 10 வருடம் வரை இருக்கும், அது இருக்கும்வரை ஃபைகோ அதன் வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்று மூடினால் நாளை உங்கள் வரலாறு குட்டையாகிவிடாது. அந்தக் கணக்கு ரிப்போர்ட்டிலிருந்து விழும் நாளில்தான் வித்தியாசம் தெரியும், அதற்குள் மற்ற இரண்டு கார்டுக்கும் நல்ல வயதாகியிருக்கும்.

இதே காரணத்தால் எதிர்ப்பக்கமும் உண்டு. தவணை தவறிய கார்டை மூடினால் அந்தக் கறை போய்விடும் என்று சிலர் மூடுகிறார்கள். போகாது. தாமதமாகக் கட்டிய பதிவு அங்கே 7 வருடம் நிற்கும், கார்டு திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும்.

இந்தியாவில் இருப்பவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாக்கி இல்லாத கார்டை மூடச் சொல்லிக் கேட்டால் வங்கி 7 வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி போட்டிருக்கிறது, தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, முன்கூட்டித் தெரிவித்துவிட்டு வங்கியே மூடவும் செய்யலாம். எனவே தொடாமல் வைத்திருந்தால் லிமிட் அப்படியே இருக்கும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

தேன்சிட்டு:

ரொம்ப நன்றி இருவருக்கும். நான் இருப்பது அமெரிக்காவில், எனக்கு ஃபைகோதான் பொருந்தும். கஸ்டமர் கேரில் பேசினேன், கட்டணம் இல்லாத சாதாரண கார்டாக மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். இது புதுக் கார்டு விண்ணப்பம் மாதிரி ஆகிவிடுமா? அப்புறம் பாக்கியை இந்த மாதமே அடைத்தால் ஸ்கோரில் எப்போது தெரியும்?

கணக்குப்பிள்ளை:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன், மூடுவதைவிட அது நல்லது. பெரும்பாலும் அதே கணக்கு, அதே திறந்த தேதி, கார்டின் பெயர் மட்டும் மாறும். ஆனால் ஒத்துக்கொள்வதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: திறந்த தேதி மாறாதா, லிமிட் குறையாதா, புதுக் கடன் கேட்டது போல ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்து விசாரணைப் பதிவு போடுவீர்களா. மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால் யோசிக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்ற முடியாது என்று பின்வாங்கினால், அதே வங்கியில் உங்களுக்கு இன்னொரு கார்டு இருக்கிறதா என்று பாருங்கள், சில வங்கிகள் மூடும் கார்டின் லிமிட்டை மற்றதற்கு நகர்த்தித் தருவார்கள், மூடிய பிறகு கேட்டால் நடக்காது.

பாக்கி விஷயத்தில் ஸ்டேட்மென்ட் தேதியைக் கவனியுங்கள், பணம் கட்ட வேண்டிய கடைசி நாளை அல்ல. பெரும்பாலான வங்கிகள் ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் தொகையைத்தான் ரிப்போர்ட்டுக்கு அனுப்புகின்றன. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்குக்கூட அங்கே பெரிய பாக்கி தெரிவது இதனால்தான். ஸ்டேட்மென்ட் போடுவதற்குச் சில நாள் முன்னாலேயே கட்டிவிட்டால் அடுத்த பதிவில் குறைந்த தொகைதான் ஏறும். பழைய ஃபைகோ முறைகள் இந்த விகிதத்தில் நேற்றைய கதையைப் பார்ப்பதில்லை, இறங்கினால் உடனே பலன் தெரியும். புது முறையான ஃபைகோ 10டி மட்டும் கடந்த 24 மாதப் போக்கையும் பார்க்கிறது.

நெடுஞ்சாலை:

யாரும் சொல்லாத ஒன்று. நான் ஒரு கார்டை மூடினேன், பாக்கி பூஜ்யம் என்று ஸ்டேட்மென்ட்டில் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். அடுத்த மாதம் ஒரு சின்னத் தொகை வந்தது, ஸ்டேட்மென்ட் போட்ட நாளுக்கும் பணம் போய்ச் சேர்ந்த நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி. வங்கியிலிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை, காகிதக் கடிதம் மட்டும் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. தற்செயலாகக் கண்ணில் பட்டதால் தப்பித்தேன், இல்லாவிட்டால் ஒன்றுமில்லாத தொகைக்குத் தவணை தவறியவன் என்ற பதிவு விழுந்திருக்கும், அந்த 35 சதவீதத்தில் கைவைக்கிற பதிவு. கார்டை மூடியதால் இறங்கும் ஸ்கோர் ஏறிவிடும், இது சுலபத்தில் ஏறாது. எனவே பாக்கி வட்டியோடு சேர்த்து முழுத் தொகை என்ன என்று கேட்டுக் கட்டுங்கள், மூடியதை எழுத்தில் வாங்குங்கள், அந்தக் கார்டில் ஆட்டோ பே போகும் சந்தாக்களை முதலில் வேறு கார்டுக்கு மாற்றுங்கள், ரிவார்டு பாயின்ட் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

தேன்சிட்டு:

சரி, முடிவு எடுத்துவிட்டேன். இந்த மாத ஸ்டேட்மென்ட்டுக்கு முன்னால் 3,600-ஐ அடைக்கிறேன், பழையதைக் கட்டணமில்லாத கார்டாக மாற்றுகிறேன். அவர்கள் திறந்த தேதி மாறும் என்றால்?

மழைமேகம்:

அப்போது மாற்றவும் வேண்டாம், மூடவும் வேண்டாம், ஒரு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக் கடன் கைக்கு வரும்வரை அப்படியே விடுங்கள். வீட்டுக் கடன் வட்டியில் சின்ன வித்தியாசம் வந்தாலும் இருபது முப்பது வருடத்துக்கு இழுக்கும், அதன் முன்னால் இந்தக் கட்டணம் ஒன்றுமில்லை. விண்ணப்பம் போட்டதிலிருந்து பணம் வரும்வரை எந்தக் கார்டையும் திறக்கவோ மூடவோ வேண்டாம், வங்கி கடைசி நேரத்தில் இன்னொரு தடவை ரிப்போர்ட்டை எடுத்துப் பார்ப்பதுண்டு.