பழைய எண்டோசல்பான் படிந்த மண்ணைச் சிப்பிக் காளான் மீட்குமா?

முதலமடைத் தோப்புக்காரர்:
பாலக்காடு மாவட்டம் முதலமடையில் எங்களுக்கு 3 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. தடை வருவதற்கு முன்பு, மாமரம் பூக்கும் காலத்தில் என் தந்தையார் ஆண்டுதோறும் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியை அடித்து வந்தார். மருந்து கலக்கிய தொட்டி கிணற்றுக்கு மேற்சரிவில் இருந்தது. அந்தக் கிணற்று நீரைத்தான் என் இரு பெண் குழந்தைகளும் குடிக்கிறார்கள். ஹார்மோன் ஒழுங்கையே குலைக்கும் நஞ்சு என்று படித்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை. அறுவடை முடிந்த சிப்பிக் காளான் படுக்கைகளை அவ்விடத்தில் பரப்பினால் பயன் உண்டா?

சித்தூர் வாசகர்:
ஐயா, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்து வாழும் வெண்ணழுகல் பூஞ்சைகளுள் சிப்பிக் காளானும் ஒன்று. இவ்வகைப் பூஞ்சையொன்று டி.டி.டி. பூச்சிக்கொல்லியைச் சிதைப்பது 1985இலேயே காட்டப்பட்டது. இவை வெளியே சுரக்கும் லாக்கேஸ் என்ற நொதி, பிளாஸ்டிக்கில் பயன்படும் பிஸ்பீனால் ஏ போன்ற பீனால் வகை மாசுகளுக்கு நன்றாகப் பொருந்தும். எண்டோசல்பான் பீனால் அன்று. அதைப் பெரும்பாலும் பூஞ்சையின் உயிரணுவுக்குள் இருக்கும் நொதிகளே மாற்ற வேண்டியிருக்கிறது. அம்மாற்றம் இரு வழிகளில் நடக்கிறது: நீரால் பிளக்கும் நீராற்பகுப்பு நடந்தால் நஞ்சு குறைந்த எண்டோசல்பான் டையால் கிடைக்கும், ஆக்சிஜனேற்றம் நடந்தால், தாய்ப்பொருளுக்கு நிகரான நஞ்சும் அதைவிட நெடுநாள் தங்கும் இயல்பும் கொண்ட எண்டோசல்பான் சல்பேட் உருவாகும். ஆகவே ஆய்வகத்தில் எண்டோசல்பானின் இரு வடிவங்களான ஆல்பா, பீட்டா, அவற்றோடு சல்பேட் ஆகிய மூன்றையும் அளக்கச் சொல்லுங்கள். சல்பேட்டை விட்டுவிட்டு ‘குறைந்தது’ என்று சொல்லும் அறிக்கையை நம்பாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக் காளான் வளர்ப்பவர்:
பழைய படுக்கையை நான் மண்ணில் உதறிப் பார்த்திருக்கிறேன். வெறும் மண்ணில் விழுந்த வெண்ணிழைகள் பத்தே நாளில் மங்கி, பச்சைப் பூசணம் ஏறிவிட்டது. ஈர வைக்கோலோடு அடுக்கடுக்காக இட்டுத் தென்னையோலையால் மூடிய இடத்தில் மட்டும் இழைகள் மண்ணைக் கட்டிகட்டியாகப் பிணைத்திருந்தன. வைக்கோல்தான் அதற்கு உணவு. அது தீர்ந்தால் மண்ணின் மற்ற நுண்ணுயிர்கள் அதை வென்றுவிடும். அவ்விடத்தில் காளான் முளைத்தால் தயவுசெய்து சமைக்காதீர்கள்.

சித்தூர் வாசகர்:
இன்னொன்றும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத் தடை வந்தது 2011 மே மாதத்தில். சல்பேட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் மண்ணில் இந்நஞ்சின் அரை வாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 9 மாதம் முதல் 6 ஆண்டு வரை என்பார்கள். மருந்து அடித்த தோப்பில் இப்போது மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கக்கூடும். சிந்திச் சிந்தித் தேங்கிய தொட்டியடியில் அப்படி இருக்கும் என்று எண்ண முடியாது. முதலில் அந்த மண்ணையும் கிணற்று நீரையும் சோதியுங்கள்.

முதலமடைத் தோப்புக்காரர்:
மிக்க நன்றி. தொட்டியடியில் மேல்மண்ணையும் ஒரு முழ ஆழத்து மண்ணையும் தனித்தனியே எடுத்து, கிணற்று நீரோடு இந்த வாரமே அனுப்புகிறேன். முடிவு வரும்வரை குழந்தைகளுக்குப் பஞ்சாயத்துக் குழாய் நீர்தான்.